லினக்ஸ் கணினியில் மெயில் வரவில்லை: இருப்பதைப் பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

கைப்பேசியில் பார்த்தால் காலையிலிருந்து ஏழெட்டு மெயில் வந்திருக்கிறது. லினக்ஸ் கணினியில் மெயில் படிக்க வைத்திருக்கும் மட் நிரலைத் திறந்தால் நேற்று இரவு வந்ததுதான் கடைசி. பிழைச் செய்தி ஒன்றும் கண்ணில் படவில்லை. இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பலர் அந்த முடிவை எடுக்கிறார்கள்: இந்தப் பழைய அமைப்பே வேண்டாம், வேறொன்றைப் போட்டுவிடலாம். இன்னும் சிலர் எதையும் மாற்றப் பயந்து, கான்ஃபிக் கோப்பில் வரி மேல் வரியாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இரண்டுமே அவசரப்பட்டுச் செய்வது. எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவுதான் நிற்கும்.

மெயிலைச் சர்வரிலிருந்து இறக்கி நம் கணினியிலேயே வைத்துக்கொள்ள மூன்று வழிகள் பரவலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஃபெட்ச்மெயில் இறக்க, நம் கணினியிலேயே ஓடும் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸோ எக்ஸிமோ அதை வாங்க, பிராக்மெயில் பெட்டியில் போடும் பழைய சங்கிலி ஒன்று. கெட்மெயில் இறக்கி நேராகப் பெட்டியில் போடுவது இன்னொன்று. சர்வரில் இருக்கும் பெட்டியையும் நம்மிடம் இருக்கும் பெட்டியையும் எம்பிசிங்க் ஒன்றுபோல வைத்திருப்பது மூன்றாவது. மூன்றையும் நான் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். வேகத்தையும் வசதிகளையும் வைத்து ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு கடிதம் எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையிலாவது அது தொலைந்தால் நமக்குத் தெரியவருமா என்று கேட்டால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நான் அந்தக் கேள்வியை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

மூன்று கை மாறும் பழைய சங்கிலி

பாப்கிளையன்ட் என்றொரு சிறு நிரல் இருந்தது. அதை எரிக் ரேமண்ட் எடுத்து வளர்த்து, 1996-இல் ஃபெட்ச்மெயில் என்று பெயர் மாற்றினார். டயல்அப் இணைப்புக் காலம் அது. யூனிக்ஸ் கணினி என்றால் அதில் சென்ட்மெயில் போன்ற ஒரு மெயில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஃபெட்ச்மெயில் தானாகப் பெட்டியில் எதையும் எழுதுவதில்லை. தொலைவில் உள்ள சர்வரிலிருந்து கடிதத்தை எடுத்து, அதே கணினியின் 25-ஆம் போர்ட்டில், வெளியிலிருந்து புதிதாக வந்த கடிதத்தைப் போலவே ஒப்படைத்துவிடும். இன்றும் அதன் இயல்பான வழி அதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய நொடி ஒன்று இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 250 என்று, அதாவது 'வாங்கிக்கொண்டேன்' என்று, பதில் சொன்னதும் கடிதத்தின் பொறுப்பு கைமாறிவிடுகிறது. ஃபெட்ச்மெயிலைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. 'கீப்' என்று எழுதி வைக்காவிட்டால் சர்வரில் இருக்கும் பிரதியை அது அழித்துவிடும். அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தைப் பிராக்மெயிலிடம் தள்ளுகிறது. பிராக்மெயில் அதை எங்கேயோ எழுதிவிட்டு 'முடிந்தது' என்று சொன்னால், போஸ்ட்ஃபிக்ஸும் கைகழுவிவிடும். எழுதிய இடம் சரியா என்று பார்ப்பதற்கு அந்தச் சங்கிலியில் யாரும் இல்லை.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில் இருக்கும் எம்பாக்ஸ் வடிவத்திலிருந்து மெயில்டிர் வடிவத்துக்கு மாறிய நாள். மெயில்டிர் என்பது ஒரு கோப்புறை. அதற்குள் டெம்ப், நியூ, கர் என்று மூன்று உள்கோப்புறைகள் இருக்கும், ஒவ்வொரு கடிதமும் தனித்தனிக் கோப்பு. பிராக்மெயில் விதியில் அந்தக் கோப்புறையின் பெயரை எழுதினேன், கடைசியில் போட வேண்டிய சாய்கோட்டை விட்டுவிட்டேன். ஒரே ஓர் எழுத்து. சாய்கோடு இருந்தால் பிராக்மெயில் அதை மெயில்டிர் என்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வெறும் கோப்புறை என்று நினைத்து, 'எம்எஸ்ஜி' என்று தொடங்கும் பெயர்களில் கடிதங்களை அதன் மேல்மட்டத்திலேயே போட்டுவிடும். மெயில் படிக்கும் நிரல்கள் நியூ, கர் இரண்டுக்குள் மட்டும்தான் பார்க்கும். லாக்கில் எல்லாம் வெற்றி, சர்வரில் பிரதி இல்லை, பெட்டியில் கடிதம் இல்லை. மூன்று நாள் கழித்து யதேச்சையாக அந்தக் கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்த்தபோதுதான் அந்த மூன்று உள்கோப்புறைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக எம்எஸ்ஜி கோப்புகள் நின்றதைப் பார்த்தேன். விதியைத் திருத்தி, ஒவ்வொரு கோப்பையும் மறுபடி பிராக்மெயிலுக்கே ஊட்டி மீட்டேன். ஒன்றும் தொலையவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் வந்த ஒரு கேள்விக்கு நான் பதில் போடவில்லை, கேட்டவர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஏற்பாடு செய்துகொண்டார். அன்றிலிருந்து 'கீப்' இல்லாமல் எந்த மாற்றத்தையும் நான் சோதிப்பதில்லை.

இப்படிச் சொல்வதால் இந்தச் சங்கிலி மோசமானது என்று ஆகாது. அதன் பலம் உண்மையானது. போஸ்ட்ஃபிக்ஸ் ஓடவில்லை என்றால் ஃபெட்ச்மெயில் 'லோக்கல்ஹோஸ்டுடன் இணைய முடியவில்லை' என்று சொல்லி நின்றுவிடும், கடிதம் சர்வரிலேயே பத்திரமாக இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிய பிறகு தற்காலிகமாக ஏதாவது தடங்கல், உதாரணமாக வட்டு நிரம்பிவிட்டது என்றால், கடிதம் வரிசையில் காத்திருக்கும். மாற்றாமல் விட்டால் ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஒரே கணினியில் நாலைந்து பேருக்கு மெயில் பிரித்துக் கொடுக்க வேண்டும், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள் அனுப்பும் அறிக்கைகளும் அதே பெட்டிக்கு வர வேண்டும் என்றால், இன்றைக்கும் எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியாது.

பிராக்மெயிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2001-இல் 3.22 பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் கவனிப்பார் இல்லாமல் கிடந்து, 2022-இல் 3.24 வந்தது. நடுவில் அதைக் கவனித்துக்கொண்டிருந்தவரே 2014-இல் அதைத் தூக்கிவிடும்படி ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவிடம் சொன்னார். இருக்கும் விதிகள் சரியாக ஓடுகின்றன என்றால் பதறிப்போய் மாற்ற வேண்டாம். புதிதாக எழுதப்போகிறீர்கள் என்றால் அதில் தொடங்காதீர்கள். அதே வேலைக்கு மெயில்டிராப் இருக்கிறது. ஏற்கெனவே டவ்காட் என்ற மெயில்பெட்டி சர்வரை வைத்திருப்பவர்களுக்குச் சீவ் என்ற வடிகட்டும் மொழி இருக்கிறது. சீவ் விதிகள் ஆர்எஃப்சி 5228 என்ற தரத்தின்படி எழுதப்படுபவை, ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும். பிராக்மெயில் விதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எந்த இணைப்பு அறுந்தது?

எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பொறுமையாகச் செய்தாலும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. நான் எப்போதும் பின்னாலிருந்து முன்னால் போவேன், அதாவது பெட்டியிலிருந்து சர்வரை நோக்கி. முதலில் சர்வர் பக்கத்தைத் தோண்டினால், கடைசி இணைப்பு அறுந்திருக்கும்போது நல்ல கடிதங்களை இறக்கி இறக்கி இருட்டில் போட்டுக்கொண்டிருப்போம். எனவே முதல் வேலை, பின்னணியில் ஓடும் ஃபெட்ச்மெயிலை நிறுத்துவது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு தேர்வுகளோடு இன்னொன்றை ஓட்ட முயன்றால் அது ஏற்றுக்கொள்ளாது. வெறுமனே ஓட்டினால் தூங்கிக்கொண்டிருப்பதை எழுப்பிவிட்டுப் போய்விடும்.

அப்புறம் 'மெயில்' கட்டளையால் உங்களுக்கே ஒரு கடிதம் போடுங்கள். டொமைன் எதுவும் வேண்டாம், கணினியில் உங்கள் பயனர் பெயர் மட்டும் போதும். இப்போது மெயில் லாக்கைத் திறங்கள். டெபியன் குடும்பத்தில் அது வார், லாக் கோப்புறைகளுக்குள் 'மெயில் டாட் லாக்' என்று இருக்கும், ரெட்ஹாட் குடும்பத்தில் 'மெயில்லாக்'. சில புதிய நிறுவல்களில் கோப்பே இருக்காது, ஜர்னல்சிடிஎல் கட்டளையால்தான் பார்க்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கான கடைசி வரியில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும். பலர் அங்கே 'சென்ட்' என்று பார்த்ததும் திருப்தியாகி லாக்கை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். அதற்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொற்களில்தான் விஷயமே இருக்கிறது. 'டெலிவர்ட் டு மெயில்பாக்ஸ்' என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் பழைய எம்பாக்ஸ் கோப்பில், அதாவது வார், மெயில் கோப்புறையில் உங்கள் பெயரில் உள்ள கோப்பில், எழுதியிருக்கிறது. 'டெலிவர்ட் டு மெயில்டிர்' என்றால் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் மெயில்டிரில். 'டெலிவர்ட் டு கமாண்ட்' என்றால் பிராக்மெயில் போன்ற ஒன்றிடம் கொடுத்திருக்கிறது, இனிமேல் அதன் லாக்கைத்தான் பார்க்க வேண்டும். மட் நிரல் மெயில்டிரைப் பார்த்துக்கொண்டிருக்க, போஸ்ட்ஃபிக்ஸ் எம்பாக்ஸில் எழுதிக்கொண்டிருப்பது நான் பார்த்தவற்றில் அடிக்கடி வரும் கோளாறு. சிஸ்டம் அப்டேட்டின்போது கேட்ட கேள்விக்குப் புதிய கான்ஃபிக் கோப்பைப் போடச் சொல்லி ஒத்துக்கொண்டால் இப்படி ஆகும். 'ஹோம் மெயில்பாக்ஸ்' என்ற ஒரே வரியில் சரியாகிவிடும். இதற்காக மொத்த அமைப்பையும் தூக்கிப்போடுவது வீண்.

லாக்கில் 'டிஃபர்ட்' என்று இருந்தால் 'மெயில்க்யூ' கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே அது ஏன் நிற்கிறது என்று எழுதியிருக்கும். ரூட் பயனருக்கு வரும் கடிதங்கள் மட்டும் காணாமல் போகின்றனவா? ரூட்டுக்கான கடிதத்தை வெளிக் கட்டளையிடம் கொடுக்கும்போது போஸ்ட்ஃபிக்ஸ் ரூட் உரிமையோடு அந்தக் கட்டளையை ஓட்டாது, 'நோபடி' என்ற உரிமையில்லாத பயனராக ஓட்டும். அந்தப் பயனரால் ரூட்டின் பெட்டியில் எழுத முடியாது. ஏலியாஸ் கோப்பில் ரூட்டுக்கு நேரே உங்கள் பெயரை எழுதி, 'நியூஏலியாசஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும்.

நீங்களே போட்ட கடிதம் ஒழுங்காகப் பெட்டிக்கு வந்துவிட்டது என்றால் கோளாறு இறக்கும் இடத்தில். இப்போது ஃபெட்ச்மெயிலை 'கீப்', இரண்டு முறை 'வெர்போஸ்', பின்னணிக்குப் போகாமலிருக்க 'நோடிடாச்' ஆகிய தேர்வுகளோடு கையால் ஓட்டுங்கள். திரையில், சர்வரிலிருந்து எடுக்கும் ஐமேப் உரையாடலும், போஸ்ட்ஃபிக்ஸிடம் ஒப்படைக்கும் எஸ்எம்டிபி உரையாடலும் வரி வரியாக ஓடும். எந்த உரையாடலில் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை.

இதில் ஒரு பதிலை மட்டும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 'பன்னிரண்டு கடிதங்கள், பன்னிரண்டும் பார்க்கப்பட்டவை' என்று சொல்லிவிட்டு ஃபெட்ச்மெயில் ஒன்றையும் இறக்காமல் போகும். அது கோளாறே இல்லை. ஐமேப்பில் ஃபெட்ச்மெயில் இயல்பாக, படிக்கப்படாத கடிதங்களை மட்டும்தான் இறக்கும். நீங்கள் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டால் அந்தக் கடிதம் அதற்குப் பழையது. தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலைக் காட்சிக்கு, அதாவது கைப்பேசியில் இருக்கிறது, கணினியில் இல்லை என்பதற்கு, பல நேரம் இதுவே விடை. 'ஃபெட்சால்' என்று எழுதினால் எல்லாவற்றையும் இறக்கும், ஆனால் 'கீப்'போடு சேர்த்தால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்கும். இரண்டு சாதனங்களில் மெயில் படிப்பவருக்கு ஃபெட்ச்மெயில் பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான். இந்த இடத்தில் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே சரி.

கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்று வந்தால் நிரலைக் குறை சொல்லாதீர்கள். ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல், வெறும் கணக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்து வெளி நிரலால் உள்ளே நுழைய முடியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும், அல்லது கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டு காட்டும் ஓஆத் வழியில் போக வேண்டும். எந்த நிரலுக்கு மாறினாலும் இந்தக் கதவு அப்படியேதான் இருக்கும்.

ஒரே கை: கெட்மெயில்

கெட்மெயிலை எழுதியவர் சார்லஸ் கசபோன். அது பைத்தான் 2-இல் எழுதப்பட்டது, இப்போது புழங்குவது பைத்தான் 3-க்காகக் கிளைத்த கெட்மெயில்6. இதற்கு உள்ளூர் மெயில் சர்வர் தேவையில்லை. சர்வரிலிருந்து எடுக்கும், நேராக மெயில்டிரில் எழுதும், அவ்வளவுதான். வேண்டுமானால் நடுவில் மெயில்டிராப் போன்ற ஒன்றைக் கூப்பிடச் சொல்லலாம். எழுதி முடித்தது உறுதியான பிறகே சர்வரில் அழிக்கும், அதுவும் நீங்கள் அழிக்கச் சொல்லியிருந்தால் மட்டும். இறக்கியதும் எழுதியதும் ஒரே நிரல் என்பதால், எழுத முடியாமல் போனால் அதை அதே நிரல் அதே திரையில் சொல்லும். பொறுப்பு கைமாறும் நொடியே இதில் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

எந்தக் கடிதத்தை ஏற்கெனவே இறக்கினோம் என்று தன்னிடமே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வதால், கைப்பேசியில் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மாற்றாமல் விட்டால் 'ரீட் ஆல்' என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கும், 'டெலிட்' இருக்காது. இரண்டும் சேர்ந்தால் ஓடும் ஒவ்வொரு முறையும் முழுப்பெட்டியும் திரும்ப இறங்கும். 'ரீட் ஆல்' தேர்வை முதல் நாளே அணைத்துவிடுங்கள். இன்னொன்று, மெயில்டிரைக் கெட்மெயில் தானாக உருவாக்காது. மூன்று உள்கோப்புறைகளையும் நீங்களே உருவாக்க வேண்டும், பாதையின் கடைசியில் இங்கேயும் சாய்கோடு வேண்டும். இல்லாவிட்டால் ஓடாமலேயே நின்றுவிடும். பிராக்மெயில் அதே தவறை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டது, கெட்மெயில் ஏற்க மறுக்கிறது. என் மூன்று நாளை இந்த மறுப்பு மிச்சப்படுத்தியிருக்கும்.

வெளி நிரலைக் கூப்பிடும் ஏற்பாட்டோடு ரூட் பயனராக ஓட்டினால் கெட்மெயில் மறுத்துவிடும். அதை மீற வழி தேடாதீர்கள். மெயில்டிரிலேயே ரூட்டாக ஓட்டிப் பார்த்தவர்கள், பிறகு தங்கள் பெட்டியிலேயே தங்களால் எழுத முடியாமல் அனுமதிச் சிக்கலில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

கெட்மெயில் ஒருவழிப் பாதை. நீங்கள் கணினியில் ஒன்றைப் படித்தாலோ, வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலோ சர்வருக்குத் தெரியாது. மெயிலை ஒரு கணினியில் மட்டும் படித்து, அங்கேயே காலத்துக்கும் சேர்த்து வைப்பவருக்கும், ஒரு கணக்கைக் காப்புப் பிரதி எடுப்பவருக்கும் இதுதான் என் பரிந்துரை. மற்றவர்களுக்கு எம்பிசிங்க்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல: எம்பிசிங்க்

எம்பிசிங்க் இருக்கும் தொகுப்பின் பெயர் ஐசிங்க், நிறுவும்போது அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். இது இறக்குவதில்லை, ஒத்திசைக்கிறது. கணினியில் படித்தால் கைப்பேசியிலும் படித்ததாகிவிடும், நகர்த்தினால் அங்கேயும் நகரும். ஐமேப் கணக்குகளுக்கு மட்டும்தான் ஆகும், இறக்குவதற்கு மட்டுமான பழைய முறையான பாப்3 கணக்கை இதனால் தொட முடியாது.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்றால், ஒரு பக்கம் செய்யும் தவறும் மறுபக்கம் போகும் என்றுதானே அர்த்தம்? 'எக்ஸ்பஞ்ச்' என்ற தேர்வுதான் அழித்த கடிதங்களை உண்மையாகவே நீக்குவது. மாற்றாமல் விட்டால் அது எந்தப் பக்கமும் நீக்காது. முதல் மாதம் அப்படியே விடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி கான்ஃபிக்குகளில் பெரும்பாலும் அது இரண்டு பக்கத்துக்கும் இயக்கப்பட்டிருக்கும், பார்த்து ஒட்டுங்கள். அந்த மாதிரிகளில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்ற சொற்கள் இருந்தால் அவை 1.4 பதிப்புக்கு முந்தியவை. இப்போது 'ஃபார்', 'நியர்'. ஃபார் என்பது சர்வர், நியர் என்பது உங்கள் கணினி.

எம்பிசிங்க் வைத்திருப்பவர் எப்போதாவது சந்தித்தே தீரும் ஒரு பிழை 'டூப்ளிகேட் யுஐடி'. காரணம் கோப்புப் பெயரிலேயே தெரியும். எம்பிசிங்க் ஒவ்வொரு கடிதக் கோப்பின் பெயரிலும், காற்புள்ளிக்குப் பிறகு 'யு சமம்' என்று போட்டு அந்தக் கோப்புறைக்குள் அதன் வரிசை எண்ணை எழுதி வைக்கிறது. நீங்கள் 'எம்வி' கட்டளையால் ஒரு கடிதத்தை வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் பழைய எண்ணும் கூடவே போகும். அங்கே அதே எண்ணில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் எம்பிசிங்க் அந்தப் பெட்டியைத் தொட மறுத்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. நகர்த்திய கோப்பின் பெயரிலிருந்து அந்த எண் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் புதிய எண் கொடுத்துக்கொள்ளும். ஈமேக்ஸில் மு4இ வைத்திருப்பவர்களுக்கு, நகர்த்தும்போதே பெயரை மாற்றச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு, அதை இயக்கிவிட்டால் இந்தப் பிழை வராது.

சரி, வடிகட்டும் விதிகள்? எம்பிசிங்க்கின் நடுவே பிராக்மெயிலுக்கோ மெயில்டிராப்புக்கோ இடமில்லை. கடிதத்தை எந்த நிரலிடமும் அது கொடுப்பதில்லை. மெயில் குழுக்களைத் தனித்தனிப் பெட்டியில் பிரிக்க நாற்பது விதி எழுதி வைத்திருப்பவருக்கு இது பெரிய இழப்புதான். ஒன்று, விதிகளைச் சர்வருக்கே கொண்டுபோகலாம், சர்வர் சீவ் விதிகளை ஏற்குமானால் அதுவே நல்ல இடம். இல்லாவிட்டால் நாட்மச் போன்ற தேடல் நிரலைச் சேர்த்து, கோப்புறைக்குப் பதிலாகக் குறிச்சொற்களால் பிரிக்கலாம். நான் இரண்டாவது வழிக்குப் போனேன். பழகச் சில வாரம் பிடித்தது, இப்போது கோப்புறைகளுக்குத் திரும்பும் எண்ணமில்லை.

கையால் ஓட்டினால் வருகிறது, கிரானில் போட்டால் வரவில்லை என்பது கெட்மெயில், எம்பிசிங்க் இரண்டுக்கும் பொதுவான புகார். கடவுச்சொல்லை, மறையாக்க நிரலான ஜிபிஜி பூட்டிய கோப்பிலிருந்து எடுக்கும்படி வைத்திருப்பீர்கள். கிரான் ஓட்டும்போது சாவிச்சொல் கேட்டு ஒரு பெட்டியைத் திறக்கத் திரை இல்லை, கேட்காமலேயே தோற்றுவிடும். சிஸ்டம்டியின் பயனர் டைமருக்கு மாற்றினால் நீங்கள் உள்நுழைந்திருக்கும் அமர்வின் ஜிபிஜி முகவர் கிடைக்கும், லாக்கும் ஒரே இடத்தில் சேரும்.

அனுப்பும் பக்கம்

ஃபெட்ச்மெயிலை விட்டு விலகினால் உள்ளூர் போஸ்ட்ஃபிக்ஸும் வேண்டாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது சரி. ஒரே ஆள், ஒன்றிரண்டு கணக்கு என்றால் அனுப்பும் வேலையை மட்டும் செய்யும் எம்எஸ்எம்டிபி நிரல் போதும். மட் அதைக் கூப்பிடும், அது உங்கள் கணக்கின் சர்வரோடு 587 அல்லது 465-ஆம் போர்ட்டில் பேசி, போனதா இல்லையா என்பதை அங்கேயே சொல்லிவிடும். அதனிடம் வரிசை கிடையாது. இணைப்பு இல்லாதபோது அனுப்பினால் தோற்கும், நீங்கள்தான் மறுபடி அனுப்ப வேண்டும். உள்ளூர்ப் பெட்டியில் போடவும் அதற்குத் தெரியாது, கிரான் அறிக்கைகளையும் வெளியே அனுப்பத்தான் பார்க்கும். ரயிலில் மடிக்கணினியோடு எழுதி, இணைப்பு வந்ததும் தானாகப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்குப் போஸ்ட்ஃபிக்ஸோ, சிறியதாக நல்மெயிலரோ இருப்பது நல்லது.

போஸ்ட்ஃபிக்ஸை வைத்துக்கொள்வதென்றால், அது லூப்பேக் முகவரியில், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வருவதை மட்டும், கேட்கட்டும். 'மைடெஸ்டினேஷன்' வரியில் உங்கள் மெயில் கணக்கின் டொமைனை எழுதிவிடாதீர்கள். எழுதினால் அந்த டொமைனுக்கான கடிதம் எல்லாம் தன்னுடையது என்று போஸ்ட்ஃபிக்ஸ் நினைத்துக்கொள்ளும். அதே டொமைனில் இருக்கும் நண்பருக்கு நீங்கள் அனுப்பும் கடிதம் வெளியே போகாமல் 'யூசர் அன்னோன்' என்று உங்களிடமே திரும்பும்.

மாறுவதென்றால்

மாறும் முன் ஃபெட்ச்மெயிலில் 'கீப்' போட்டுவிடுங்கள். பழையதையும் புதியதையும் வெவ்வேறு மெயில்டிரில் ஒரு வாரம் சேர்த்தே ஓட்டி, இரண்டிலும் அதே கடிதங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாப்3 கணக்கானால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம். ஒரு நிரல் உள்ளே இருக்கும்வரை சர்வர் அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்கும், மற்றதற்குப் பிழைதான் கிடைக்கும். ஐமேப்பில் ஃபெட்ச்மெயில் இறக்கும் கடிதம் சர்வரில் படித்ததாகக் குறிக்கப்படும். அந்த வாரம் எம்பிசிங்க் பக்கத்திலும் கைப்பேசியிலும் எல்லாம் படித்ததாகவே தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய எம்பாக்ஸ் கோப்புகளை மட் நிரலிலேயே திறந்து, எல்லாவற்றையும் குறியிட்டு, மெயில்டிர் வடிவப் பெட்டியில் சேமிக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி எம்பிசிங்க் ஒத்திசைக்கும் கோப்புறைகளுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் பத்து வருடக் கடிதங்களையும் அது சர்வருக்கு ஏற்றத் தொடங்கிவிடும்.